முக்திநாத் யாத்திரை: கலவரத்தைக் காட்டி விழுங்கப்பட்ட டிக்கெட் பணம்

108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத்தைச் சேவிப்பதற்காக, கோபி, பவானி, பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு குழுவாக, ஈரோட்டிலுள்ள யாத்திரை ஏற்பாட்டாளர் ஒருவர் மூலம் 2025 செப்டம்பரில் நேபாளம் சென்றோம். தரிசனம் நல்லபடியாகவே முடிந்தது. காத்மாண்டு திரும்பிய பிறகுதான் சிக்கிக்கொண்டோம்.

சமூக ஊடகத் தடையையும் ஊழலையும் எதிர்த்து செப்டம்பர் 8 அன்று அங்கே இளைஞர்கள் திரண்டார்கள். அன்றே 19 பேர் உயிரிழந்தனர். மறுநாள் நாடாளுமன்றம் எரிந்தது, பிரதமர் சர்மா ஒலி பதவி விலகினார், திரிபுவன் விமான நிலையமும் மூடப்பட்டது. 10ஆம் தேதி காலை நாங்கள் ஏறவேண்டிய தில்லி விமானம் ரத்தாயிற்று. இதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஊரடங்கு நேரத்தில், டயர் எரியும் நெடி அறைக்குள் வரை வந்துகொண்டிருந்தபோது, விடுதி மேலாளர் பதிவேட்டை எடுத்துவந்து, எங்கள் பெயரில் முன்பணம் மட்டுமே வந்திருப்பதைக் காட்டினார். முழுத் தொகையையும் ஈரோட்டிலேயே கட்டியிருந்த நாங்கள் ஏற்பாட்டாளரை அழைத்தோம். "கலவரத்துக்கு நானுங்க என்ன பண்றது? இப்போதைக்கு நீங்களே கட்டிப்போடுங்க, ஊருக்கு வந்து பாத்துக்கலாமுங்க" என்றவர் அதன்பின் போனையே எடுக்கவில்லை. அதே விடுதியின் சமையற்காரரோ, எங்களோடு வந்திருந்த பெரியம்மாவுக்கு இன்சுலின் தீரப்போவதை அறிந்து, தெரிந்த மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிவந்து கொடுத்தார். அவரை நாங்கள் மறக்கமாட்டோம்.

விமான நிலையம் திறந்ததும் வேறு நிறுவனத்தில் கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்துத் திரும்பினோம். பழைய டிக்கெட் பணத்தைக் கேட்டபோது, விமான நிறுவனம் கைவிரித்துவிட்டதாக ஏற்பாட்டாளர் சாதித்தார். பி.என்.ஆர். எண்ணைச் சொல்லி நாங்களே விசாரித்ததில்தான் உண்மை தெரிந்தது. முன்பதிவில் எங்களுடைய கைபேசி எண்கள் இல்லை, அவருடையது மட்டுமே இருந்தது; ஆகையால் வேறு தேதிக்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற தகவல் அவருக்கே போயிருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரத்துசெய்து, முழுத் தொகையையும் தன் முகவர் கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறார். முதியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் செய்ததுதான் எங்களால் பொறுக்க முடியாதது.

விமான நிறுவனமே ரத்துசெய்யும் பயணத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். முகவர் மூலம் வாங்கிய டிக்கெட்டானாலும் அதைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. எனவே நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் புகார் அனுப்பியதோடு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அடுத்த யாத்திரைக்கு அவர் இப்போது முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். யாரிடம் பணம் கட்டினாலும், முன்பதிவில் உங்கள் கைபேசி எண்ணைப் போடச் சொல்லுங்கள், பி.என்.ஆர். எண்ணை அன்றைக்கே வாங்கிவிடுங்கள், அறை வாடகை முழுவதும் கட்டப்பட்டதா என்று விடுதிக்கே போன் போட்டுக் கேளுங்கள். எங்களோடு வந்து இன்னும் புகார் கொடுக்காதவர்கள், ரசீதையும் அவருடன் பேசிய வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். எல்லோரும் சேர்ந்தே மனுக் கொடுக்கலாம்.