பால்குடத்தின் கழுத்தை நிமிர்த்தக் கொடுத்து 380 வெள்ளி போனது, பழைய பித்தளை வைத்திருப்பவர்கள் கவனம்

380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). காசும் போச்சு, அம்மாவின் பால்குடமும் போச்சு. சுங்கை சிப்புட்டிலோ சுற்று வட்டாரத் தோட்டங்களிலோ யாராவது, "பழைய பித்தளையைப் புதுசாக்கித் தருகிறோம்" என்று நேரலை போடுகிற ஆட்களிடம் சாமான் கொடுக்க நினைத்திருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். பெயரை இங்கே போடவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன், அது முடியட்டும். வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் மெருகு மெஷின், நாலைந்து வாளி, கைப்பேசி மாட்ட ஒரு ஸ்டாண்டு, இவ்வளவுதான் அந்தக் கடை.

குடம் அம்மாவின் கல்யாணத்துக்குப் பாட்டி வாங்கிக் கொடுத்தது. தோட்டத்துக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு அம்மா எடுத்ததெல்லாம் அந்தக் குடம்தான். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறியபோது லோரியில் எதுவோ மேலே விழுந்து கழுத்து நசுங்கிவிட்டது. வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவத்துக்குப் போய், மூடி உட்காரவில்லை. இந்த வருஷம் நான் எடுப்பதாக வேண்டுதல். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

அந்த ஆள் குடத்தை வாங்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விரலால் சுண்டிப் பார்த்து, "இந்தச் சத்தம் இப்போ வர்ற பித்தளைக்கு வராதுக்கா. சாமிப் பொருள், எங்கம்மாவோடது மாதிரி பார்த்துக்கிறேன்" என்றான். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்து நிமிர்த்த, மெருகு போட, உள்ளே ஈயம் பூச எல்லாம் சேர்த்து 380 வெள்ளி, முழுப் பணமும் முன்கூட்டியே என்றான். அங்கேயே ஸ்கேன் செய்து கட்டினேன். ரசீது கேட்டதற்கு, "வாட்சாப்பே ரசீதுதாங்க்கா" என்றான்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது, உதவிக்கு இருக்கும் பையனுக்குக் காய்ச்சல், மழை. ஒரு வழியாகக் குடம் வந்து பிரித்தபோது பளபளப்பு கண்ணைப் பறித்தது. கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. பால் ஸ்டோரில் ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றுவார்களே, அதே அமோனியா. மூடி அப்போதும் உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஈயமும் பூசவில்லை. சில நாளில் கழுத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கழுத்தோரம் முத்து முத்தாகக் கசிகிறது. பாலை ஊற்றி இதை எப்படித் தலையில் வைப்பேன்?

எங்கள் ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவர் இருக்கிறார், முன்பு தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். அவரிடம் கொண்டுபோனேன். நகத்தால் விரிசலை வருடிப் பார்த்ததுமே, "சூடு காட்டாமலே அடிச்சிருக்கான்மா" என்றார். பித்தளையைத் தட்டினாலும் அழுத்தினாலும் அது இறுகிக்கொண்டே போகுமாம். இறுகிய பித்தளையை எந்த அளவுக்கு வளைத்தாலும் கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும். மூடி பொருந்தாமல் போனது அதனால்தான். முறை தெரிந்தவன் மங்கலான சிவப்பு தெரியும் வரை கழுத்தைச் சூடாக்கி இளக்கிவிட்டுத்தான் கை வைப்பான், மறுபடி இறுகினால் மறுபடி சூடு காட்டுவான். இரும்பைப்போல இல்லை, சூடான பித்தளையைத் தண்ணீரில் அமிழ்த்தினாலும் கெட்டியாகாது. இந்த ஆளோ பச்சையாகவே அடித்திருக்கிறான். பின்வாங்கப் பின்வாங்க இன்னும் ஓங்கி அடித்திருக்கிறான்.

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டிலும் இதே தொல்லைதான் என்றார் மாமா. அது செம்பு 70, துத்தநாகம் 30 விழுக்காடு கலந்த பித்தளை. சுடும்போது கூடு உப்பிவிடும். வெளிநாடுகளில் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், சுட்ட கூட்டை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி நிரப்புகிறவர்கள் உண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டியதுதான். அப்படித் திரும்பத் திரும்ப அழுத்தினால் கூட்டின் கழுத்து இறுகி, அச்சிலிருந்து எடுத்ததும் விரிந்துகொள்ளும், கடைசியில் நீளவாக்கில் பிளக்கும். அதற்காகக் கழுத்தை மட்டும் சூடுகாட்டி இளக்குவார்கள். அடிப்பகுதியில் சூடு ஏற விடமாட்டார்கள், வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த இடம்.

அமோனியா விஷயம் இன்னும் மோசம். வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழை முடிந்து எடுத்தால் கூடுகளில் விரிசல். 1921இல்தான் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, ஈரம், இழுத்து இறுக்கிய பித்தளைக்குள் நிற்கும் இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் பித்தளை தானாகவே வெடிக்கும். என் குடத்துக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான்.

வீட்டுக்கு வந்து அவர்களுடைய பழைய காணொளிகளை மறுபடி பார்த்தேன். வாளித் தண்ணீரில் பாத்திரத்தை இரவெல்லாம் ஊறப் போடுகிறார்கள். காலையில் தண்ணீர் கருநீலமாக இருக்கிறது. "பாருங்க, எத்தனை வருஷத்து அழுக்கு இறங்குது!" என்கிறான். அது அழுக்கே இல்லை. அமோனியாவில் செம்பு கரைந்தால் வரும் நிறம் அது. நம் குடத்தையே கரைத்து நமக்கே காட்டுகிறான், கீழே எல்லாரும் இதயம் போடுகிறார்கள்.

திருப்பிக் கேட்டபோது முதல் பதில்: "பழசு அப்படித்தாங்க்கா இருக்கும்." இரண்டாவது: "நீங்க வீட்டில் கீழே போட்டிருப்பீங்க." ஈயம் பூசவில்லையே என்றேன், "அதுக்குத் தனி சார்ஜ், நான் சேர்த்துச் சொல்லலையே" என்றான். அவன் அனுப்பிய செய்தியையே திரும்ப அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அம்மா பேசினால் கேட்பான் என்று அம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். "பாட்டி, உங்க மகளைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே ஆள். இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டான். 380 வெள்ளியில் ஒரு காசு திரும்பவில்லை, நேரலை மட்டும் நேற்று இரவும் ஓடியது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, குடத்தைத் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டார்கள். விரிசலைப் பற்றவைத்து அடைக்கலாம், ஆனால் தழும்பு தெரியும் என்கிறார் மாமா.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், சூடு காட்டுவாயா என்று முதலில் கேளுங்கள். முழிக்கிறவனிடம் கொடுக்காதீர்கள். அமோனியா நெடி அடிக்கிற இடத்தில் பித்தளையை இறக்கவே இறக்காதீர்கள். வீட்டில் மெருகு போடுகிறவர்களும் பாட்டிலில் அமோனியா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், புளியும் சாம்பலும் போதும். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள், ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம், 3 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே ஆளிடம் கொடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், புகார்ப் படிவத்தை நாளைக்கு நிரப்பப் போகிறேன்.