ஸ்டாக்ஃபிஷ்: 16 எம்பி ஹேஷ் போதுமா?

செஸ் ஆட்டங்களை அலச, நல்ல நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலை (எஞ்சினை) நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அதன் ஆட்டவலிமை ஊரறிந்தது. எனவே நினைவகத்தை அது எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். ஒரே வகைக் கணினி வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு ஆழமான விடையும் மற்றவருக்கு மேலோட்டமான விடையும் கிடைப்பதற்குப் பல நேரம் ஹேஷ் அமைப்பே காரணம். ஹேஷ் என்பது, அலசிய நிலைகளின் விடைகளை எஞ்சின் குறித்துவைக்கும் நினைவக அட்டவணை.

ஹேஷின் பயனைக் கண்ணால் பார்க்க விரும்புவோர், 'ஃபைன் 70' என்று செஸ் நிரலர்கள் அழைக்கும் நிலையைப் பலகையில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை ராஜா ஏ1-இல், சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4-இல். கறுப்பு ராஜா ஏ7-இல், சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5-இல். சிப்பாய்கள் அனைத்தும் முட்டிக்கொண்டு நிற்பதால் தொடக்கத்தில் ராஜாக்கள் மட்டுமே நகர முடியும். ஆகவே வெவ்வேறு வழிகளில் சென்றாலும் அதே நிலைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ஏற்கெனவே அலசிய நிலையை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும் எஞ்சின், ராஜாவை பி1-க்கு நகர்த்துவதே வெற்றிக்கு வழி என்பதை நொடியில் கண்டுவிடுகிறது. அட்டவணை இல்லாத நிரலோ அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுத் திணறுகிறது.

இந்த அட்டவணையின் கட்டுமானமே என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு நிலையின் பதிவுக்கு 10 பைட். மூன்று பதிவுகளுடன் 2 பைட் வெற்று நிரப்பியும் சேர்த்து 32 பைட் கொண்ட ஒரு கொத்து. செயலிக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகமே கேஷ்; அது ஒரே தடவையில் எடுக்கும் துண்டான கேஷ் வரி இன்றைய பெரும்பாலான கணினிச் செயலிகளில் 64 பைட் என்பதால், ஒரு வரியில் இரண்டு கொத்துகள் பிசகாமல் அடங்குகின்றன. எந்தக் கொத்தும் இரண்டு வரிகளில் பிளவுபட்டுக் கிடப்பதில்லை. பதிவைச் சிறிதாக்குவதற்காக நிலையை அடையாளம் காட்டும் எண்ணான 64 பிட் சாவியில் 16 பிட் மட்டுமே அதில் வைக்கப்படுகிறது. இதனால் அரிதாக வேறொரு நிலையின் பதிவு கைக்கு வரக்கூடும் என்றாலும், அதே இடத்தில் கூடுதல் பதிவுகளை வைக்க முடிவதால் இது நல்ல பேரம் என்றே கருதுகிறேன்.

அட்டவணை பெரிதானால் அது கேஷுக்குள் அடங்காது. ஒவ்வொரு தேடலும் ரேமின் ஏதோ ஒரு மூலைக்குப் போயாக வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க, நகர்த்தலுக்குப் பின் வரப்போகும் நிலையின் சாவியைக் கொண்டு அந்தக் கேஷ் வரியை எஞ்சின் முன்கூட்டியே கேட்டு வைக்கிறது. இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டுகளான பக்கங்களின் எண்ணிக்கையைக் குறைக்க, பெரிய பக்கங்களையும் பயன்படுத்துகிறது: 1 ஜிபி அட்டவணைக்கு 4 கேபி பக்கங்கள் என்றால் 2,62,144 தேவை; 2 எம்பி பக்கங்கள் என்றால் 512 போதும். விண்டோஸில் இதற்குப் பயனர் கணக்குக்கு, பக்கங்களை நினைவகத்தில் பூட்டிவைக்கும் உரிமையைத் தர வேண்டும். 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிலைகளை மதிப்பிடும் நரம்பு வலையமைப்பின் எடைகளும் (அது கணக்கிடப் பயன்படுத்தும் எண்களும்) அதே கேஷில் இடம் கேட்கின்றன.

குறை என்று நான் சொல்வது, தொடக்க அமைப்பு 16 எம்பி என்பதைத்தான். அதில் சுமார் 15.7 லட்சம் பதிவுகளே அடங்கும். இரவு முழுதும் ஓடும் அலசலுக்கு இது சற்றும் போதாது. அட்டவணை ஆயிரத்தில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்று எஞ்சின் காட்டும் 'ஹேஷ்ஃபுல்' எண் ஆயிரத்தை நெருங்கியபடியே நின்றால் அளவைக் கூட்டுங்கள். ஆனால் 8 ஜிபி ரேம் உள்ள என் மடிக்கணினியில் ஹேஷுக்கு 6 ஜிபி ஒதுக்கியபோது, இயங்குதளம் வட்டை நாடத் தொடங்கி, அலசும் வேகம் படுத்துவிட்டது. அதில் இப்போது 2 ஜிபி வைத்திருக்கிறேன், குறையொன்றும் தெரியவில்லை.

ஓர் ஆட்டத்தை அலசும்போது கடைசி நகர்த்தலிலிருந்து பின்னோக்கி வாருங்கள், இடையில் ஹேஷை அழிக்காதீர்கள். பின்னால் வரும் நிலைகளின் விடைகள் அட்டவணையில் ஏற்கெனவே இருப்பதால், முந்தைய நிலைகளில் எஞ்சின் விரைவாக ஆழம் தொடும்.