100 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள், 14 நாளில் கதவைச் சாத்தினார்கள்

என் பழைய ஸ்பீக்கர்களில் வூஃபரை, அதாவது ஆழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பை, சுற்றியிருந்த நுரை வளையம் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பதினைந்து ஆண்டு உழைத்த நுரைக்கு அது இயல்பான முடிவு. வளையத்தை மட்டும் வாங்கி ஒட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. எனக்கோ புதுசு வாங்கும் ஆசை.

கடையில் இரண்டு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது ஜோடி முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டது. குரல் முன்னால் வந்து நின்றது, பேஸ் என்கிற ஆழ்ந்த ஒலி நெஞ்சில் வந்து மோதியது. அதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து விவரத்தாள்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது: முதல் ஜோடியின் உணர்திறன் 85 டெசிபல், இரண்டாவதுக்கு 89. அதே ஆம்ப்ளிஃபையர், அதே வால்யூம் என்றால் இரண்டாவது 4 டெசிபல் உரக்கத்தான் ஒலிக்கும். அந்த அளவை முதல் ஜோடி எட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மின்திறன் வேண்டும். உரக்க ஒலிப்பதைத் தரமானது என்று காது எடுத்துக்கொள்ளும். விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

நெஞ்சில் மோதிய அந்த பேஸ் எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். சோபாவின் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. அது சப்வூஃபர், பேஸுக்கென்றே தனியாக வைக்கும் ஸ்பீக்கர். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. ஐந்து அங்குல வூஃபரிலிருந்து அவ்வளவு பேஸ் வராது. பிபிசி 1970-களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இந்த அளவுதான். அதைக் கொண்டாடுகிறவர்கள்கூட அதன் குரலைத்தான் புகழ்வார்கள், பேஸைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு.

வீட்டில் இணைத்ததும் ஒலி வெளிறிப்போயிருந்தது. குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறியது. கடைக்குத் தொலைபேசினேன். “புது ஸ்பீக்கர் சார், பர்ன்-இன் ஆக 100 மணி நேரம் பிடிக்கும். பழகினால் சரியாகிவிடும்” என்றார் விற்பனையாளர். நான்காம் நாளும் கேட்டேன், ஒன்பதாம் நாளும் கேட்டேன். அதே பதில், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கனிவாக.

புது வூஃபரின் ரப்பர் வளையம் முதல் சில மணி நேரத்தில் சற்றுத் தளரும் என்பது உண்மைதான். அதனால் காணாமல் போன பேஸ் திரும்பி வந்துவிடாது. கணக்கையும் பாருங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிற ஆளுக்கு 100 மணி நேரம் என்பது 50 நாள். திருப்பித் தருவதற்கான கெடுவோ 14 நாள். அந்த ஆலோசனை ஸ்பீக்கரைப் பழக்குவதற்குச் சொன்னதல்ல, நாளைக் கடத்துவதற்குச் சொன்னது.

பதினாறாம் நாள் அக்கா வந்திருந்தாள். கச்சேரி ஒன்றைப் போட்டேன். இரண்டு நிமிடம் கேட்டவள், “வலந்தலை கேட்கிறது. தொப்பி எங்கேடா?” என்றாள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த நாதம் சுத்தமாக இல்லை. அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

இடது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர்களை இடம் மாற்றிச் செருகினேன். தொப்பி வந்துவிட்டது, ஆனால் குரலின் மேற்பகுதி முன்பைவிடக் கலைந்தது. வெளி வயர்தான் கோளாறு என்றால் இரண்டுமே சரியாகியிருக்கும். அப்படியானால் கோளாறு வெளி வயரில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் நேர்முனை படும்படி ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். (ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள கெப்பாசிட்டர் பேட்டரியின் ஒருதிசை மின்சாரத்தைத் தடுத்துவிடும், அதனால் கீச்சொலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஆபத்தில்லை.) வலது வூஃபரின் கூம்பு வெளியே தள்ளியது. இடது உள்ளே போனது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். இதை எந்தப் பர்ன்-இன்னும் சரிசெய்யாது.

முன்துணியைக் கழற்றினால் இடது வூஃபரின் திருகுகளில் தலை தேய்ந்திருந்தது. யாரோ முன்பே கழற்றி, வயரை மாற்றிச் செருகி மூடியிருக்கிறார்கள். பின்பக்கத்து வரிசை எண்ணும் அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணும் வேறு வேறு. புதியது என்று சொல்லி, பழுது பார்த்த உருப்படியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினேழாம் நாள் தூக்கிக்கொண்டு போனேன். அதே கனிவான மனிதர், “கெடு முடிந்துவிட்டதே சார்” என்றார். திருகைக் காட்டினேன். நான்தான் கழற்றியிருப்பேன், அதனால் வாரண்டியும் செல்லாது என்றார். மூன்று முறை தொலைபேசினேனே என்றேன். “எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை. அங்கேதான் முழுதாகத் தோற்றேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் அறை முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள், சப்வூஃபர் இருந்தால் பிளக்கையே பிடுங்கச் சொல்லுங்கள். இரண்டு ஜோடியையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள், கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலி போதும். பணம் கொடுக்கும் முன் இரண்டு வரிசை எண்களையும் பெட்டியோடு ஒப்பிட்டு, திருகுகளோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் வேலையாக மோனோ ஒலிப்பதிவு, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும் பதிவு, ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியை நம்பாதீர்கள்.

தயாரிப்பு நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். இடது பெட்டியை இன்னும் நான் திறக்கவில்லை. உள்ளே இரண்டு வயர்களை மாற்றிச் செருகினால் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தேய்ந்த திருகில் என் கை பட்டுவிட்டால் அவர் சொன்னதே உண்மையாகிவிடும்.