டாடா 207 டிஐ: மீன் சுமந்த பிக்கப்பை மீட்டெடுத்து ஓட்டிய அனுபவம்

உவரிப் பக்கம் மீன் ஏற்றிக்கொண்டிருந்த டாடா 207 டிஐ பிக்கப் ஒன்றை வாங்கி, களக்காட்டு வாழைத்தார்களை ஏற்றப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். பழைய பிக்கப் வாங்க நினைப்பவர்கள் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சேஸைப் பற்றி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பற்றிப் பேசுவேன். நம் கடலோரத்தில் இந்த வண்டிகளைத் தின்பது துருதான்.

இன்ஜின் 2956 சிசி, நான்கு சிலிண்டர் டீசல். டாடா 407 லாரி ஓட்டியவர்களுக்குப் பழக்கமான இன்ஜின் குடும்பம் என்பதால் நெல்லைப் பட்டறைகளில் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பம்பையும் நாசிலையும் சரிபார்த்து, ஹெட் கேஸ்கட்டை மாற்றியதோடு அது தேறிவிட்டது.

துரு அப்படி விடவில்லை. ஐஸ் உருகி வடியும் உப்புநீர், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் தகட்டுக்கு அடியில் தங்கி, குறுக்குச் சட்டங்களை அரித்திருந்தது. மேலே பெயின்ட் பளபளத்தது. கீழே சுத்தியல் பட்டால் ஏடு ஏடாக உதிர்ந்தது. தொட்டியை இறக்காமலே ஒட்டுப் போட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். இறக்கினால்தான் நோய் தெரியும். சேஸின் நீளச் சட்டத்தில் வெல்டிங் வைக்க மெக்கானிக் அண்ணாச்சி கடைசிவரை மறுத்துவிட்டார். சூடு பட்ட இடத்தை ஒட்டியே பின்னாளில் விரிசல் விடும் என்பது அவர் கணக்கு. புதுக் குறுக்குச் சட்டங்களை போல்ட் போட்டுப் பூட்டினார். கேபின் தரைக்கு மட்டும் வெல்டிங். அதற்கும் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிய பிறகே கை வைத்தார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

பிறகு துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு, அதன்மேல் கறுப்பு பெயின்ட். தொட்டி மூலைகளில் நீர் வடிய ஓட்டைகள் போட்டோம். வாழைச் சருகும் பாலும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். லோடு இறக்கியதும் ஒரு கம்பியால் குத்திவிடுவேன். கடலோரம் போய்வந்தால் அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடித்தே ஆக வேண்டும். பழைய ஆயிலை அடியில் அடிப்பது நம் ஊர் வழக்கம். சட்டங்களுக்கு நல்லது, ஆனால் ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் ஹோஸிலும் படக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைமீறியபோது, வண்ணார்பேட்டையில் நிறுத்தியிருந்த வண்டியின் அச்சுக்கு மேல் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகும் சாவியைத் தொடவில்லை. காற்று வரும் வழியாக சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் காய்ந்தே இருந்தது. பின் அச்சின் ஆயில்தான் மோர் போல வெளுத்து வந்தது. அச்சுக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதர் வழியே நீர் இறங்கியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலையும் சேர்த்து மாற்றி, வீல் பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தோம். இன்றுவரை அச்சில் சத்தம் இல்லை.

லோடோடு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைக்கிறது. வெறும் வண்டியாக ஓட்டினால் குலுக்கும். வாழைத்தார் ஏற்றியதும் அடங்கிவிடும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. என்னும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்திலேயே பிரேக் லைனிங், ஸ்பிரிங் பட்டை, யு போல்ட் அனைத்தையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் சிறு சுத்தியலும் கொண்டுபோங்கள். கேபின் பாயைத் தூக்கிப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் பூட்டியிருக்கும் இடத்தில் சேஸைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் விலை பேசலாம், மந்தமாகக் கேட்டால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.