திரும்பி வந்த தளபதியை என்ன செய்வது? இரண்டு கினிகள், நாலு வழிகள்

2009 டிசம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நாடுகளில் எதிரெதிர்த் திசையில் இரண்டு பயணங்கள் நடந்தன. கினியில் ஆட்சியைப் பிடித்து ஓராண்டுகூட நிறையாத கேப்டன் மூசா டாடிஸ் கமாராவை அவருடைய மெய்க்காவலர் தலைவரே சுட்டார். தலையில் காயத்தோடு அவரை மொராக்கோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே மாதக் கடைசியில், பக்கத்தில் உள்ள கினி-பிசாவுக்குத் திரும்பி வந்தார் முன்னாள் கடற்படைத் தளபதி பூபோ நா சூட்டோ. 2008இல் ஆட்சிக் கவிழ்ப்புக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு காம்பியாவுக்குத் தப்பியவர். மீனவர் வேடத்தில் படகேறி வந்தார் என்று பேசிக்கொண்டார்கள். வந்தவர் நேராக தலைநகர் பிசாவு நகரின் ஐநா அலுவலகத்துக்குள் போய் அடைக்கலம் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

பலவீனமான அரசிடம் இப்படி ஒருவர் வந்து சேர்ந்தால் அதன் முன்னால் இருப்பவை சில வழிகள்தான். பிடித்து வழக்குப் போடலாம், சமாதானம் பேசிப் பதவி தரலாம், உள்ளே வராமலே தடுக்கலாம், தேர்தலில் நிற்க விடலாம். இந்த இரண்டு கினிகளும் நாலையும் சோதித்துப் பார்த்துவிட்டன.

பிசாவு அரசு முதலில் கையிலெடுத்தது சட்ட வழியை. பூபோவை ஒப்படையுங்கள், விசாரிக்க வேண்டும் என்று கேட்டது. கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை மூன்று மாதம் இழுத்தது. அந்த மூன்று மாதமும் அவர் தலைநகரின் நடுவிலேயே இருந்தார். 2010 ஏப்ரல் 1 அன்று சிப்பாய்கள் பிரதமர் கார்லோஸ் கோமெஸ் ஜூனியரையும் ராணுவத் தளபதி ஜமோரா இண்டுட்டாவையும் பிடித்து வைத்தார்கள். ஐநா அலுவலகத்திலிருந்து பூபோவை வெளியே அழைத்து வந்தார்கள். பிரதமரை விடச் சொல்லி மக்கள் தெருவில் கூடியதும், துணைத் தளபதி அந்தோனியோ இண்ட்ஜாய், கலையாவிட்டால் பிரதமரைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். அவரைத்தான் ஜூன் மாதம் ராணுவத் தலைமைக்கு நியமித்தார்கள்!

அப்புறம் பிசாவு இரண்டாவது வழிக்குத் தாவியது. அதே ஏப்ரலில் அமெரிக்கா பூபோவைப் போதைப்பொருள் கடத்தல் புள்ளி என்று தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. அது தெரிந்தும் அக்டோபரில் அவரைத் திரும்பக் கடற்படைத் தளபதி ஆக்கினார்கள். ராணுவத்தைச் சீர்திருத்த வந்திருந்த ஐரோப்பிய ஒன்றியக் குழு அதற்கு முன்பே, செப்டம்பரோடு, மூட்டை கட்டிவிட்டது. பதவி கொடுத்து வாங்கிய அமைதி எத்தனை நாள் தாங்கியது? 2011 டிசம்பரில் இன்னொரு கலகம், அதில் பூபோ கைது. 2012 ஏப்ரலில், அதிபர் தேர்தலின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, ராணுவம் ஆட்சியையே எடுத்துக்கொண்டது.

இப்போது பெரிய கினிக்கு வருவோம். அங்கே மூன்றாவது வழி. குணமான டாடிஸ் ஊர் திரும்பவில்லை. 2010 ஜனவரியில் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகாடூகூவில் ஓர் ஒப்பந்தம் போட்டு அவரை அந்த நாட்டிலேயே தங்க வைத்தார்கள். இடைக்காலப் பொறுப்பை ஜெனரல் செகூபா கொனாட்டே ஏற்றார். அந்த ஆண்டே தேர்தல் நடந்து ஆல்ஃபா கோண்டே அதிபரானார். என் கணக்கில் நாலு வழிகளில் உடனடிப் பலன் கொடுத்தது இது ஒன்றுதான். அவரைத் தங்க வைத்த ஊரும் கணக்கில் சேரும். காம்பியாவிலிருந்து பிசாவுக்குப் படகில் வந்துவிடலாம். புர்கினாவுக்குக் கடலே கிடையாது, ஒப்பந்தத்துக்கு நடுவராக இருந்த அதிபர் பிளேஸ் கொம்பாவொரேயின் கண்காணிப்பும் இருந்தது. 2014இல் கொம்பாவொரே பதவி இழந்தார். அடுத்த ஆண்டே டாடிஸ் ஊர் திரும்பக் கிளம்பியதை வெறும் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முறை விமானத்தை வழியிலேயே திருப்பிவிட்டார்கள்.

இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்கள். 2009 செப்டம்பர் 28 அன்று கினியின் தலைநகர் கோனாக்ரியின் விளையாட்டரங்கில் எதிர்க்கட்சிக் கூட்டத்தின் மேல் டாடிஸ் ஆட்சியின் படையினர் பாய்ந்தார்கள். கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாகக் குறைந்தது 156 பேர், வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் நூற்றுக்கும் மேல் என்று ஐநா விசாரணைக் குழு சொன்னது. அந்த வழக்கு நீதிமன்றப் படியேறப் பதின்மூன்று ஆண்டு ஆனது. 2021இல் ராணுவ அதிகாரி மமாடி டும்பூயா கினியில் ஆட்சியைக் கைப்பற்றினார், டாடிஸ் ஊர் வர அனுமதி கிடைத்தது. 2022இல், சம்பவம் நடந்த அதே தேதியில், டாடிஸ் உட்படப் பதினொரு பேர் மீதான விசாரணை தொடங்கி தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. 2023 நவம்பரில் ஆயுதக் கும்பல் ஒன்று சிறையை உடைத்து டாடிஸை வெளியே கொண்டுபோனது. அன்றைக்கே மறுபடி உள்ளே. 2024 ஜூலையில் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்காக 20 ஆண்டுச் சிறை.

சரி, பிசாவில் தோற்ற சட்ட வழி கோனாக்ரியில் எப்படி நடந்தது? நீதிபதிகளின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிசாவில் பட்டாளம் இரண்டாகப் பிளந்து கிடந்தது, வந்தவருக்கு உள்ளே ஆள் இருந்தது. கோனாக்ரியில் பட்டாளம் டும்பூயா ஒருவர் கையில் இருந்தது. சிறையை உடைத்தவர்களுக்குக்கூட ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த ஒரே கைதான் 2025 மார்ச்சில் உடல்நிலையைக் காரணம் காட்டி டாடிஸுக்கு மன்னிப்பு கொடுத்தது. தீர்ப்பு வந்து முழுதாக எட்டு மாதம்.

தேர்தல் வழியைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. 1999இல் உள்நாட்டுப் போரில் விரட்டப்பட்டு போர்ச்சுகல் போன பழைய தளபதி நீனோ வியேரா, 2005இல் பிசாவு திரும்பி அதிபர் தேர்தலில் வென்றார். 2009 மார்ச்சில் ராணுவத் தளபதி டாக்மே நா வாயே குண்டுவெடிப்பில் இறந்த சில மணி நேரத்தில் சிப்பாய்கள் வியேராவைக் கொன்றார்கள். வாக்குச்சீட்டு பழைய பகையைத் தீர்த்து வைக்கவில்லை.

என்னைக் கேட்டால், பட்டாளம் யார் பேச்சைக் கேட்கும் என்று தெரியாத அரசு, வந்தவரைத் தலைநகரில் வைத்துக்கொண்டு வழக்குப் பேசக் கூடாது. எல்லையிலிருந்து தூரமாக, பொறுப்பேற்க ஒரு நாடு இருக்கும் இடத்தில் அவரை இருக்க வைத்துவிட்டு, வழக்கை இங்கே கட்டிக்கொண்டே வரலாம். டாடிஸை விசாரித்துக் குற்றம் சாட்ட கினி நீதிபதிகள் 2015இல் வாகாடூகூவுக்கே போனார்கள் என்பது மறந்துபோகிற விஷயம். காத்திருப்பு கொடுமைதான். பிசாவில் காத்திருக்க ஒரு வழக்குகூட மிஞ்சவில்லை.

வெளியாள் வந்து பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். அதுவும் நடந்தது. 2013 ஏப்ரலில் அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரிகள் கடத்தல்காரர்களைப் போல நடித்து பூபோவைக் கேப் வெர்டே அருகே கடலுக்கு வரவழைத்துப் பிடித்தார்கள். நியூயார்க் நீதிமன்றம் 2016இல் நாலு ஆண்டுத் தண்டனை கொடுத்தது. முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 2022 பிப்ரவரியில் பிசாவு அரசு மாளிகை தாக்கப்பட்டதும் கைதானவர்களில் ஒருவர், மறுபடியும், பூபோ நா சூட்டோ.