பழைய ஜப்பான் பேஸ்: பழையபடி ஆக்குவதா, மாற்றிக் கட்டுவதா?

பழைய பேஸ் கிடார் கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். புதுசாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கணுமா, இல்லை நமக்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாமா? என்னிடம் இருப்பதை வைத்துச் சொல்கிறேன். சேலத்தில் குகை என்ற பகுதியில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் வாங்கியது. சில வருஷமாகக் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், டிசம்பரில் ஏற்காடு ரிசார்ட் நிகழ்ச்சி என்று எல்லாவற்றுக்கும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அதனால் நான் சொல்வதெல்லாம் மேடையில் அடிபடுகிற கிடாருக்குத்தான் பொருந்தும்.

கிடாரின் தலையில் பெயர் தேய்ந்து போயிருந்தது. விரல் ஓடும் நீளக் கழுத்தான நெக்கைப் பின்னால் பிடித்திருக்கும் தகட்டில் மட்டும் 'மேட் இன் ஜப்பான்' இருந்தது. கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக்கும் பிக்அப் ரெண்டு துண்டாகப் பிரிந்தது, அதாவது அமெரிக்க ஃபெண்டர் கம்பெனி 1957ல் பிரெசிஷன் பேஸுக்குக் கொண்டுவந்த அமைப்பின் நகல். 1982ல் ஃபெண்டரே ஜப்பானில் கிடார் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால் அங்கே இருந்த ஃபேக்டரிகள் இப்படி ஏராளமாகச் செய்து தள்ளின. முன்பக்கத்துத் தகடான பிக்கார்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே உடம்பு அடுக்கடுக்காகத் தெரிகிறது, பிளைவுட்தான். பிளைவுட் என்றதும் முகம் சுளிக்கவேண்டாம், எங்கள் ஊர் வெயிலுக்கு அது வளையாமல் நிற்கிறது.

இதே இடத்தில் 1965க்கு முந்தைய, சிபிஎஸ் கம்பெனி வாங்குவதற்கு முன்னால் செய்த அசல் ஃபெண்டர் இருந்திருந்தால் என் பதில் வேறு. அதில் கை வைக்காதீர்கள். மறுபெயின்ட் அடித்தாலே விலை பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும் என்பது அந்தச் சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சந்தேகமாக இருந்தால் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1376620 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளர், 66 வருஷம், 20 என்பது அந்த வருஷத்தின் இருபதாவது வாரம். அதற்கு முன்னால் அந்தக் கிடார் அந்த கன்ட்ரோலோடு வெளியே வந்திருக்க வாய்ப்பில்லை.

என்னுடையதில் அந்தக் கவலை கிடையாது. யாரோ கார் பெயின்டை மேலே அடித்திருக்கிறார்கள். கம்பிகள் உடம்பில் வந்து உட்காரும் பிரிட்ஜுக்கு முன்னால் இன்னொரு பிக்அப் வைக்க உளியால் ஒரு பள்ளம் நோண்டி, பாதியில் மனம் மாறி விட்டுவிட்டார்கள். அசல் என்பது எப்போதோ போய்விட்டது. இதை 'மீட்டெடுக்க' ஜப்பான் ஏலத்தில் அந்தக் காலத்துத் திருகு, குமிழ் எல்லாம் தேடி, கப்பல் கூலியும் சுங்கமும் கட்டினால் கிடாரின் விலையை அது தாண்டும். தாண்டினாலும் உள்ளே பள்ளம் பள்ளம்தானே.

எங்கள் குழுவில் ரெண்டு கட்சி இருந்தது. கீபோர்ட் வாசிக்கும் அண்ணன், "அப்படியே விடுப்பா, பழசுக்கு ஒரு மரியாதை இருக்கு" என்பார். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி, "ஆக்டிவ் சர்க்யூட் போட்டுடுங்கண்ணா, அடி சும்மா நெஞ்சுல இறங்கும்" என்பான். ஆக்டிவ் என்றால் கிடாருக்குள்ளேயே பேட்டரியில் ஓடிச் சத்தத்தைக் கூட்டும் சர்க்யூட். ரெண்டு பேருக்கும் சாட்சி உண்டு. பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரெசிஷனில் கம்பியைக்கூட மாற்றாமல் வாசித்தவர். இன்னொரு பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸில் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) ஃப்ரெட் என்ற குறுக்குக் கம்பிகளையெல்லாம் நெக்கிலிருந்து எடுத்து, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசி, அதில்தான் அந்தக் குரல் வந்தது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸுக்கு கிடார் செய்பவரான ரோஜர் சடாவ்ஸ்கி சர்க்யூட் மாற்றினார், இன்று அந்தச் சத்தத்தைத்தான் மற்றவர்கள் காப்பியடிக்கிறார்கள். ஆக, பெரிய பெயர்களைக் காட்டி யாரும் இந்த வழக்கை ஜெயிக்க முடியாது.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: கழற்றி மறுபடி பழையதைப் போட முடிகிற மாற்றம் எதுவானாலும் தாராளமாகச் செய்யலாம். மரத்தை வெட்டுவதானால் பல தடவை யோசிக்கணும்.

அதற்கெல்லாம் முன்னால் நெக். இதைச் சரிசெய்யாமல் பிக்அப் பற்றிப் பேசுகிறவர்களோடு நான் வாதம் பண்ணுவதில்லை. சேலத்தில் ஏப்ரல் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், ஃப்ரெட் கம்பியின் முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். அதே கிடாரை 20 கொண்டைஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால், மழைக்காலத்து மூடுபனியில் ராத்திரி முழுக்க ஈரம் குடித்து, காலையில் கம்பி உயர்ந்து நிற்கும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தவே விரல் வலிக்கும். உடனே ட்ரஸ் ராடை, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை, திருகாதீர்கள். அறைக்குள் பெட்டியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்தி, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் எனக்குப் போதும். திருகினாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகவேண்டாம், பழைய ராட் உள்ளே உடைந்தால் கதை முடிந்தது. நீட்டிய முனைகளை நைஸ் அரத்தால் ஒரு கோடையில் தேய்த்துவிட்டேன், அப்புறம் தொந்தரவில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் கரண்ட், பக்கத்தில் சீரியல் லைட், எர்த் என்று மண்ணில் குத்திய ஒரு கம்பி. பேஸ் 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டே இருக்கும். இத்தனைக்கும் இந்தப் பிக்அப்பின் ரெண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றியது, வெளியிலிருந்து வரும் இரைச்சலை அதுவே அடித்துக்கொள்ளவேண்டும். கோளாறு வயரிங்கில். உள்பள்ளம் முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்து ஈயம் வைத்து, ஜாக்கையும் வால்யூம், டோன் கன்ட்ரோலையும் புதுசாகப் போட்டேன். ரெண்டு கன்ட்ரோலும் 250 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட். ஒரு விஷயம் கவனியுங்கள்: அமெரிக்க கன்ட்ரோலின் கழுத்து தடிமன், ஜப்பான் துளைக்குள் போகாது. துளையைப் பெரிசாக்காமல் சின்னக் கழுத்து உள்ளதாகவே தேடி வாங்கினேன். மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்று இழுத்தால் மட்டும் இந்த வேலை எதுவும் உதவாது. அது மேடை எர்த்தின் கோளாறு. டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, சரியாகும்வரை கிடார் கம்பியைத் தொடாதீர்கள்.

பழைய பிக்அப் மெலிந்த குரல். தனியாகக் கேட்டால் இனிமை, ரெண்டு கீபோர்டும் தவிலும் சேர்ந்தால் காணாமல் போகும். அதே அளவில் புதுசு ஒன்று வாங்கிப் போட்டேன், அதுதான் இன்றும் இருக்கிறது. பழையது ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது, கீபோர்ட் அண்ணனுக்கு அதைக் காட்டிச் சமாதானம் செய்தாயிற்று. ஆக்டிவ் சர்க்யூட் வேண்டாம் என்றதற்குக் காரணம் ஒன்பது வோல்ட் பேட்டரி. ராத்திரி ஒரு மணிக்கு அம்மன் பாட்டு நடுவில் அது தீர்ந்தால் எந்தக் கடை திறந்திருக்கும்?

இரும்புச் சாமான் விஷயத்தில் ஜப்பான் கிடார்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை, எல்லாம் மெட்ரிக் மரை. பிரிட்ஜில் துருப்பிடித்த 3 மில்லிமீட்டர் திருகுகளுக்கு ஹார்டுவேர் கடையிலேயே மாற்று கிடைத்தது. அமெரிக்க அங்குல மரையாக இருந்தால் லேத் பட்டறைக்குத்தான் ஓடணும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் பிரிட்ஜையும் கம்பி முறுக்கும் கீ தகடுகளையும் கொடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "லேசா காட்டினா போதுங்க, அழுத்தினா குரோம் போயி கீழ இருக்கிற நிக்கல் தெரிஞ்சிரும்." அப்படியே லேசாகத்தான் செய்து கொடுத்தார், இன்னும் மங்கவில்லை.

அந்த உளிப் பள்ளத்தில் இன்னொரு பிக்அப் வைத்துவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். வைக்க வேண்டுமென்றால் பள்ளத்தை இன்னும் வெட்டணும், எனக்கு மனமில்லை. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் பலகைத் துண்டை அங்கேயே ஓர் ஆசாரி அளவாக இழைத்துப் பொருத்திக் கொடுத்தார். கோடையில் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரியும், மழைக்கு மூடிக்கொள்ளும். அதன்மேல் பெயின்ட் அடிக்கவில்லை. கார் பெயின்டையும் சுரண்டவில்லை. சுரண்டினால் கீழே பிளைவுட், அதைப் பார்த்து யாருக்கு என்ன சந்தோஷம்?

கம்பி ஃப்ளாட்வவுண்ட், அதாவது மேலே தட்டை நாடா சுற்றி வழவழப்பாக இருப்பது. விலை அதிகம், ஆனால் ரொம்ப நாள் வரும், எண்பதுகளின் பாட்டுக்கு அந்த உருண்ட சத்தம் கச்சிதமாக உட்காருகிறது, பழைய ஃப்ரெட்டையும் அதிகம் அறுக்காது.

அறுத்தது ஏற்கெனவே அறுத்ததுதான். முதல் அஞ்சு ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்து, இன்னொரு முறை அரம் போடும் உயரம் அதில் இல்லை. டிரம்ஸ் தம்பி ஜாக்கோவை மறுபடி இழுத்துவந்து, "பிடுங்கிட்டு ஃப்ரெட்லெஸ் ஆக்கிடுங்கண்ணா" என்கிறான். மேடையில் எனக்கு விழும் சத்தத்தில் என் சுருதியையே நான் கேட்க முடியாது, ஃப்ரெட் இல்லாமல் விரலை எங்கே வைப்பேன்? ஆடி மாசக் கச்சேரிகள் முடிந்ததும் புது ஃப்ரெட் கம்பிதான் போடப் போகிறேன்.