தொடாமல் விட்ட மின்னஞ்சல்: யார் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள்?

போன நோன்பு மாதத்தில் என் கடைக்கு ஒரு காக்கா (எங்கள் வழக்கில் அண்ணன்) வந்தார். அரபு நாட்டில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கீழக்கரைக்கே திரும்பிவிட்டவர். கையில் ஒரு பழைய டைரி. அதன் பின் அட்டையில் நீல மையில் ஒரு மின்னஞ்சல் முகவரி, கீழே கடவுச்சொல். கடைசி எழுத்தில் மட்டும் ஈரம் பட்டு, அது 3-ஆ 8-ஆ என்று பிடிபடவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 8-க்குத் திறந்தது. உள்ளே ஒரு கடிதம்கூட இல்லை.

ஊரில் பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலத்தில், அவர் மனைவி வாரம் ஒருமுறை அங்கே போய் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டி அனுப்பிய கடிதங்கள் அதில் இருந்தன. அந்த ராத்தா இப்போது உயிரோடு இல்லை. “கணக்குத் திறக்கிறதே தம்பி, கடிதங்கள் எங்கே?” என்று அவர் கேட்டார். அந்த நிறுவனம் எது என்பது இங்கே வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் தொடாத கணக்கை எத்தனை நாளில் அழிக்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட், யாஹூ, கூகுள் ஆகிய மூன்று பெரிய மின்னஞ்சல் சேவைகளின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

முதலில் புரிந்தது, கணக்குக்கு ஒரு கெடு, அதில் உள்ள அஞ்சலுக்கு வேறு கெடு என்பதுதான். மைக்ரோசாஃப்டில் இது பளிச்சென்று தெரிகிறது. ஹாட்மெயில் என்று நாம் தொடங்கிய முகவரிகள் எல்லாம் இன்று அவுட்லுக்கில்தான் இருக்கின்றன. அங்கே கணக்கை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது திறந்தால் கணக்கு நிற்கும். ஆனால் அஞ்சல் பெட்டிக்குள் ஓராண்டுக்கு ஒருமுறை போயே ஆகவேண்டும். படங்களையும் கோப்புகளையும் வைக்கும் ஒன்டிரைவுக்குள் அதே ஓராண்டுக்குள் தனியாகப் போகவேண்டும். ஒன்றைத் திறந்தது மற்றொன்றுக்குக் கணக்கில் சேராது.

யாஹூவின் கெடு 12 மாதம். அதைத் தாண்டினால் பெட்டியில் உள்ளவை அழிக்கப்படும். பிறகு உள்ளே நுழைந்தாலும் பழைய கடிதங்கள் திரும்பி வராது. யாஹூவிடம் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2013-இல் அந்த நிறுவனம், ஓராண்டுக்கு மேல் தொடப்படாத பெயர்களை விடுவித்து, விரும்பிக் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. பெயரை வாங்கிய சிலருக்குப் பழைய உரிமையாளரின் அஞ்சல்கள் வந்து சேர்ந்தன. வங்கி, விமானச் சீட்டு, கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு என்று எது வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? இதற்காகவே, “இன்ன தேதி முதல் இந்த முகவரி அதே ஆளிடம்தான் இருக்கிறதா” என்று அனுப்புகிறவர் கேட்டுக்கொள்ளும் ஒரு வரியை அஞ்சலின் தலைப்பில் சேர்க்க யாஹூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து வழி செய்தன. 2014-இல் அது இணையத் தர ஆவணமாகவும் வெளிவந்தது. ஆனால் அந்த வரியைச் சேர்க்காமல் அனுப்பப்படும் அஞ்சலுக்கு அது காவல் இல்லை.

கூகுளின் கெடு இரண்டு ஆண்டுகள். 2023 மே மாதம் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். அழிப்பதற்கு முன் அந்த முகவரிக்கும், மீட்புக்காகக் கொடுத்த முகவரிக்கும் எச்சரிக்கை வரும். அழிந்த ஜிமெயில் பெயரை வேறு எவரும் எடுக்கவும் முடியாது. கணக்கில் நுழைந்த நிலையில் ஓர் அஞ்சலைப் படித்தாலும், யூடியூப் பார்த்தாலும், எதையாவது தேடினாலும் போதும், கெடு புதிதாகத் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் பார்த்தால் கூகுள்தான் தாராளம் என்று தோன்றும். காலத்தைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் அதிகம் இழக்கப்போவது ஜிமெயில்காரர்கள்தான் என்பது என் எண்ணம். புது போன் வாங்கும்போதெல்லாம் பழைய கடவுச்சொல் நினைவில்லை என்று கடையிலேயே புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரியபட்டினத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் பெயரில் இப்படி நான்கு கணக்குகள் இருந்தன. மகளின் நிக்காஹ் படங்கள் இரண்டாவது கணக்கில். போனைத் தினமும் பயன்படுத்துகிறோமே என்று அவர் நம்பியிருந்தார். கூகுள் எண்ணுவது கணக்கைத்தான், கருவியை அல்ல. ஒரே போனில் மூன்று கணக்குகள் இருந்தாலும் தொடாத கணக்குக்கு நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கெடு முடிந்தால் அஞ்சலோடு, கோப்புகளை வைக்கும் கூகுள் டிரைவும் படங்களும் சேர்ந்தே போகும்.

மூன்று சேவைக்கும் பொதுவான ஓர் ஆபத்து சிம் கார்டில் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்கள் இந்திய எண்ணுக்குப் பணம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம்; துண்டித்த எண்ணை மேலும் 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்தும் விடலாம். அதற்குப் பிறகு கடவுச்சொல் சரியாக இருந்தாலும், ஆளை உறுதிசெய்யும் குறியீடு யாரோ ஒருவர் கைக்குப் போகும். டைரியில் எழுதி வைத்த கடவுச்சொல்லால் அப்போது பயனில்லை. விமானம் ஏறும் முன் மீட்பு முகவரியாக வீட்டில் உள்ள ஒருவரின் மின்னஞ்சலைச் சேர்த்துவிடுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் மன்றாடிச் சொல்கிறேன்.

உரியவர் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதிலும் வேறுபாடு பெரிது. கூகுளில், கணக்கு இத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் இன்னாருக்குத் தகவல் கொடு, இன்னதைப் பகிர்ந்துகொடு என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 3 மாதம் முதல் 18 மாதம் வரை காலம் குறிக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். யாஹூவின் விதிப்படி கணக்கு யாருக்கும் மாறாது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் மூடுவார்கள், உள்ளே இருப்பதைத் தரமாட்டார்கள். கடலுக்குப் போகிறவர்களும் கடல் கடந்து போகிறவர்களும் நிறைந்த கரை இது. இந்த ஒன்றிலேயே என் தேர்வு கூகுள்.

எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்வது இன்னொரு வழி. கூகுள் டேக்அவுட் மொத்த அஞ்சலையும் ஒரே கோப்பாகக் கொடுக்கும். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து படிக்கலாம். ஆனால் ஒரே பென் டிரைவை நம்பாதீர்கள். உப்புக் காற்று இரும்பையே தின்னும் ஊரில் அதன் முனை மட்டும் தப்பிக்குமா? இரண்டு இடங்களில் இரண்டு பிரதி வேண்டும்.

எந்த நாளில் திறப்பது என்று கேட்பவர்களுக்கு, நோன்புப் பெருநாள் பிறை தெரிந்த மறுநாள் என்று சொல்கிறேன். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். ஆகவே பெருநாளுக்குப் பெருநாள் திறந்தால் ஓராண்டுக் கெடு ஒருபோதும் தாண்டாது. தீபாவளியை நம்ப முடியாது. 2022-இல் அக்டோபர் 24-இல் வந்தது, அடுத்த ஆண்டு நவம்பர் 12-க்குப் போய்விட்டது. இடையில் 384 நாள். மண்டபம், பாம்பன் விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவக்காற்றில் படகு கரையில் நிற்கும்போது இன்னொருமுறை. இந்தப் பெருநாளுக்கு அந்த அம்மாவின் நான்கு கணக்குகளையும் வரிசையாகத் திறந்தோம். நிக்காஹ் படங்கள் அப்படியே இருந்தன.